முதல் மிடறு கண்ணுக்கு

(ஜப்பானியக் கைவினைகள் பற்றிய பொது உரைவரிசையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேடையில் மதுவைப் பற்றிப் பேசப் போகிறானோ என்று தயங்கி வந்தவர்கள் நிம்மதியாக உட்காரலாம். அதைக் கேட்கவே ஆசையோடு வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் காத்திருக்கிறது. இன்றைய பேச்சு ஒரு பாத்திரத்தைப் பற்றியது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறிய கண்ணாடிக் கோப்பை. 60, 70 மில்லி பிடிக்கும். வெளிப்புறம் முழுக்கப் பட்டை தீட்டியிருப்பார்கள். ஜப்பானில் இந்த வேலைப்பாட்டுக்குக் கிரிகோ என்று பெயர். டோக்கியோவில் செய்வது எடோ கிரிகோ. தெற்கே, கியூஷு தீவின் ககோஷிமாவில் செய்வது சட்சுமா கிரிகோ.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான். ஒரே புட்டியிலிருந்து சாகேயை ஒரு பீங்கான் கிண்ணத்திலும் ஒரு கிரிகோ கோப்பையிலும் ஊற்றி வைக்கிறோம். இரண்டையும் குடித்துப் பார்க்கிறவர் ருசி வேறு வேறாக இருக்கிறது என்கிறார். அவர் சொல்வது உண்மையா, பிரமையா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரவம் மாறுவதில்லை, கண்ணாடி சாகேயோடு வினைபுரியாது. ஆனால் அந்தத் திரவம் நாவுக்கு வந்து சேருமுன் கண்ணிலும் கையிலும் உதட்டிலும் மூக்கிலும் என்னென்னவோ நடந்து முடிந்துவிடுகிறது. ருசி என்று நாம் வாயால் சொல்வது இவை அத்தனையும் சேர்ந்ததைத்தான். கிரிகோ இந்த வரிசையில் கண்ணைத் தூக்கி முன்னால் உட்காரவைத்த பாத்திரம். அதனால் சாகேக்கு ஒரு லாபமும் உண்டு, ஒரு நஷ்டமும் உண்டு. இரண்டையும் கணக்குப் பார்ப்பதுதான் இன்றைக்கு நம் வேலை.

சாகேயைப் பார்த்தே இராதவர்களுக்காகச் சில வார்த்தைகள். வெந்த அரிசியில் கோஜி என்ற பூஞ்சையை வளர்த்து, தண்ணீரும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புளிக்கவைத்துப் பிழிந்தெடுப்பது சாகே. காய்ச்சி வடிப்பதில்லை. ஆல்கஹால் பெரும்பாலும் 15, 16 சதவீதம். வடிகட்டிய பிறகு கிட்டத்தட்ட நிறமே இராது. வெள்ளைப் பின்னணியில் வைத்து உற்றுப் பார்த்தால் இளமஞ்சள் சாயை ஒன்று தட்டுப்படும். அந்தச் சாயை பிற்பாடு நமக்கு வேண்டியிருக்கும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பானத்துக்குப் பல நூற்றாண்டுகளாகக் கண்ணாடி தேவைப்படவில்லை. திருமணத்தில் மணமக்கள் மும்மூன்று மிடறாகப் பருகும் சகாஸுகி, அரக்குப் பூசிய தட்டையான மரக்கிண்ணம். அன்றாடம் குடிப்பதற்குப் பீங்கானிலோ மண்ணிலோ செய்த சோக்கோ. அளப்பதற்குச் செய்த மாசு என்ற சதுர மரப்பெட்டியிலும் ஊற்றிக் குடிப்பார்கள். டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில் பரவலான பழக்கம் சுடவைத்துக் குடிப்பதுதான். தொக்குரி என்ற கழுத்து குறுகிய குடுவையில் சாகேயை ஊற்றி, அதை வெந்நீருக்குள் இறக்கிவைப்பார்கள். கைபாரா எக்கென் என்ற அறிஞர் உடல்நலம் பேணுவதைப் பற்றி எழுதிய ‘யோஜோகுன்’ நூல் 1713இல் வெளிவந்தது. கோடையானாலும் குளிர்காலமானாலும் சாகேயைக் குளிர்ச்சியாகவும் குடிக்காதே, கொதிக்கக் கொதிக்கவும் குடிக்காதே, வெதுவெதுப்பாகக் குடி என்பது அவருடைய புத்திமதி.

சூடான பானத்துக்குப் பாத்திரம் செய்யவேண்டிய உதவி, கைக்குச் சூட்டைச் சொல்வது. உதட்டைச் சுடாமல் இருப்பது. அதற்குப் பீங்கானும் மண்ணும் போதும். உள்ளே இருக்கும் திரவம் எப்படித் தெரிகிறது என்று யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை.

அப்படியிருக்க, கண்ணாடி எப்படி வந்தது? போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் நாகசாகி வழியாகக் கொண்டுவந்த பொருள்களில் கண்ணாடியும் ஒன்று. ஊதிச் செய்யும் வித்தை மெல்ல மெல்ல ஒசாகாவுக்கும் எடோவுக்கும் பரவியது.  எடோவில் ஓதென்மாச்சோ என்ற வணிகத் தெருவில் காகயா கியூபேய் என்பவர் கண்ணாடி வியாபாரம் செய்துவந்தார். 1834இல் அவர் குருந்தப் பொடியைக் கொண்டு கண்ணாடியின் மேற்பரப்பில் கோலம் செதுக்கினார் என்பதையே எடோ கிரிகோவின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். சாணை பிடிக்கும் அந்தப் பொடிதான் கருவி. கண்ணாடிக்கு நிறம் கிடையாது. அரசவையின் தயவில் பிறந்ததும் அல்ல இது. கடைத்தெருவில் பிறந்தது, வாங்குகிறவரை நம்பி வளர்ந்தது.

சட்சுமாவின் கதை நேர்மாறு. அது பிரபுவின் கோட்டைக்குள் பிறந்தது. இன்றைய ககோஷிமாப் பகுதியான சட்சுமாவை ஆண்ட ஷிமாஸு நரியோகி, 1846இல் எடோவிலிருந்து யொத்ஸுமோத்தோ கமெஜிரோ என்ற கண்ணாடிக் கைவினைஞரை வரவழைத்தார். முதல் நோக்கம் மருந்துப் புட்டி செய்வது. 1851இல் பட்டத்துக்கு வந்த நரியோகியின் மகன் நரியகிரா, மேற்கத்தியத் தொழில்நுட்பத்தில் தீராத ஆர்வம் கொண்டவர். பீரங்கி வார்ப்பு, கப்பல் கட்டுதல் இவற்றோடு நிறக்கண்ணாடியையும் தம் தொழிற்கூடங்களில் சேர்த்துக்கொண்டார். செம்பைக் கொண்டு கண்ணாடிக்குச் செந்நிறம் ஏற்றும் வித்தை அங்கே கைகூடியது. நிறமற்ற கண்ணாடியின் மேல் நிறக்கண்ணாடியைக் கனமாகப் போர்த்தி, அதைச் சரிவாக வெட்டினார்கள். சரிவான வெட்டில் நிறம் அடர்த்தியிலிருந்து வெளிறிக்கொண்டே போய் ஒன்றுமில்லாமல் கரையும். சட்சுமா கிரிகோவின் அடையாளமே அந்தக் கரைவுதான்.

அதன் ஆயுள்தான் குறைந்துபோயிற்று. 1858இல் நரியகிரா இறந்தார். 1863இல் ஆங்கிலேயக் கப்பற்படை ககோஷிமாவைக் குண்டுவீசித் தாக்கியபோது தொழிற்கூடங்கள் எரிந்தன. அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கலை அற்றுப்போனது. மிஞ்சியிருந்த பழைய கோப்பைகளை அளந்தும் ஆராய்ந்தும் மறுபடி செய்யத் தொடங்கியது 1985இல். இடையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சட்சுமா கிரிகோ செய்ய ஆளில்லை.

எடோவுக்கு அந்தக் கதி நேரவில்லை. எடோ ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு ஷினாகவாவில் கண்ணாடித் தொழிற்சாலை நடத்தியது. இங்கிலாந்திலிருந்து இம்மானுவேல் ஹாப்ட்மன் என்ற நிபுணரை 1881இல் அங்கே வரவழைத்தார்கள். சக்கரத்தில் வெட்டும் ஐரோப்பிய முறையை அவர் ஜப்பானியத் தொழிலாளர்கள் சிலருக்குக் கற்றுக்கொடுத்தார். எடோவின் கோலங்களும் இங்கிலாந்தின் சக்கரமும் சேர்ந்து உருவானதுதான் இன்று நாம் காணும் எடோ கிரிகோ. நிறப் போர்வையும் பிற்பாடு அதில் வந்து சேர்ந்தது. ஆனால் எடோவில் போர்த்தும் நிறம் மெல்லியது. வெட்டியதும் அடியிலிருக்கும் தெளிந்த கண்ணாடி சட்டென்று வெளியே வந்துவிடும். சட்சுமாவில் நிறம் கரையும். எடோவில் நிறம் முறியும். 2002இல் ஜப்பானிய அரசு எடோ கிரிகோவைத் தேசிய மரபுக் கைவினையாக அறிவித்தது.

இனி வெட்டுவதைப் பார்ப்போம். டோக்கியோவின் கிழக்கே சுமிதா, கோத்தோ வட்டாரங்களில் இந்தப் பட்டறைகள் இருக்கின்றன. அப்படி ஒன்றில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். அறையில் ஓயாத சக்கர இரைச்சல். சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. கண்ணாடி சூடேறாமலும் தூள் பறக்காமலும் இருக்க அதுதான் வழி. ஊதித் தயாரான கோப்பை நீலச் சட்டை போட்டதுபோல் மொழுமொழுவென்று வருகிறது. முதலில் அதன் மேல் நெடுக்கும் குறுக்குமாகக் கோடு இழுக்கிறார்கள். அவ்வளவுதான் வரைபடம். பூவும் இலையும் நட்சத்திரமும் வரைவதில்லை. அந்தக் கட்டங்களுக்குள் எது எங்கே விழவேண்டும் என்பது கைக்குத் தெரியும்.

பிறகு வெட்டு. வைரத்தூள் பதித்த சக்கரத்தில் முதலில் ஆழமும் அகலமும் வரும்படி கரடாகச் செதுக்குகிறார்கள். அடுத்து நுண்ணிய சக்கரத்தில் கோலத்தை முழுமையாக்குகிறார்கள். அதற்கடுத்துக் கல்சக்கரத்தில் பள்ளங்களை வழவழப்பாக்குகிறார்கள். கடைசியில் மரச்சக்கரத்திலும் நார்ச்சக்கரத்திலும் மெருகு. மெருகேறும் வரை அந்தப் பள்ளங்கள் பனிமூடிய ஜன்னல்போல் மங்கிக் கிடக்கின்றன. சக்கரத்தைத் தொட்டு எடுத்த இடம் மட்டும் திடீரென்று கண் திறக்கிறது.

நான் கவனித்ததில் ஒன்றைத் தனியாகச் சொல்லவேண்டும். வெட்டுகிறவர் கோப்பையைச் சக்கரத்தின் மேலே பிடித்து, அதன் வெளிப்பக்கத்தைக் கீழே அழுத்துகிறார். சக்கரம் கண்ணாடியைத் தொடும் இடம் அவருக்கு நேராகத் தெரியாது. கோப்பையின் வாய்வழியாக உள்ளே பார்த்து, கண்ணாடியின் சுவரை ஊடுருவி, அந்தப் பக்கம் சக்கரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கணிக்கிறார். அதனால்தான் கறுப்புக் கண்ணாடியை வெட்டுவதை மிகக் கடினமான வேலையாகச் சொல்கிறார்கள். ஒளி ஊடுருவாத இடத்தில் கண்ணுக்கு வழியில்லை. சக்கரத்தின் சத்தமும் விரலின் உணர்வும் மட்டுமே துணை. இதை ஏன் இத்தனை விரிவாகச் சொல்கிறேன் என்பது கடைசியில் புரியும்.

கோலங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மீன்சினைபோல் நெருங்கிய சிறு மணிகளுக்கு நானாகோ. சணல் இலை போன்றது அசனோஹா. சணல் நேராகவும் வேகமாகவும் வளர்வதால் குழந்தைகளின் துணியிலும் அந்தக் கோலத்தைப் போடுவது வழக்கம். கூடை முடைந்த மாதிரி ககொமே. சாமந்திப் பூக்களைக் கோத்த மாதிரி கிக்குத்ஸுனாகி. மூங்கில் வேலியின் சாயலில் யராய். இவற்றில் நானாகோவைக் கொண்டுதான் கைவினைஞரின் திறமையை எடைபோடுகிறார்கள். குறுக்கும் நெடுக்குமாக நேர்கோடுகளை மட்டுமே வெட்டுவது அது, பார்க்கச் சுலபம். ஆனால் கோப்பையின் உடம்பு வளைந்தது, கீழே போகப் போகக் குறுகுவது. அதில் ஒவ்வொரு கோடும் மற்றக் கோட்டைச் சரியான புள்ளியில் சந்திக்க வேண்டும். ஓரிடத்தில் மயிரிழை தவறினாலும் மணிகளின் வரிசை ஓடிக் கலைந்துவிடும். வெட்டிய கண்ணாடியை ஒட்டவும் முடியாது.

சரி, இந்தக் கோப்பை சாகேயோடு எப்போது சேர்ந்தது? இன்று நாம் காண்கிற அளவுக்கு நெருங்கிச் சேர்ந்தது அண்மைக்காலத்தில்தான் என்பது என் கருத்து. பட்டை தீட்டிய கண்ணாடிக்குச் சூடு ஆகாது. கண்ணாடி வெப்பத்தைச் சுவர் முழுவதும் ஒரேயடியாகப் பரப்பாது. சூடுபட்ட பகுதி விரிய, படாத பகுதி அப்படியே நிற்க, இடையில் இழுவிசை உண்டாகி விரிசல் விடும். வெட்டுள்ள கண்ணாடியில் ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெலிவு. ஆபத்து இன்னும் அதிகம். ஆக, சாகேயைச் சுடவைத்துக் குடித்த காலம் முழுவதும் கிரிகோ அதற்கு ஏற்ற துணை இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் நிலைமை மாறியது. வீடுதோறும் குளிர்பதனப் பெட்டி வந்தது. கின்ஜோ என்ற வகை பொதுமக்களிடம் பரவியது. 1980களில் அது பெரிய அலையாகவே எழுந்தது. அரிசியின் வெளிப்பகுதியைத் தீட்டித் தள்ளி, 60 சதவீதமோ அதற்குக் குறைவோ மிஞ்சியதில் செய்வது கின்ஜோ. 50 சதவீதமோ அதற்குக் குறைவோ மிஞ்சினால் தைகின்ஜோ. குறைந்த வெப்பத்தில் மெதுவாகப் புளிக்கவைப்பதால் அதில் ஆப்பிள் வாசனையும் வாழைப்பழ வாசனையும் எழும். சுடவைத்தால் அந்த நறுமணம் சிதறிப்போகும். எனவே 10 பாகை செல்சியஸ் அளவில் குளிரக் குடிக்கவேண்டும் என்ற பழக்கம் வேரூன்றியது. சாகே குளிர்ந்தது, தெளிவாயிற்று, விலையும் கூடியது. அந்தத் தெளிவைக் காட்டுவதற்கு ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. எடோவின் கண்ணாடிக்கு அப்போதுதான் சரியான ஜோடி கிடைத்தது.

இனி ஒவ்வொரு புலனாக எடுத்துக்கொள்வோம். முதலில் கண்.

பட்டை தீட்டிய கோப்பையைக் காலியாகப் பார்ப்பது ஒரு காட்சி. சாகே ஊற்றிய பிறகு பார்ப்பது வேறு காட்சி. ஒளி கண்ணாடியிலிருந்து காற்றுக்குப் போகும்போது மிகவும் வளையும். சாய்வு ஓர் எல்லையைத் தாண்டினால் வெளியே போகாமல் முழுவதுமாக உள்ளேயே திரும்பிவிடும். காலிக் கோப்பை அத்தனை பளபளப்பதற்குக் காரணம் அது. சாகே ஊற்றியதும் உட்சுவரில் காற்று இருந்த இடத்தைத் திரவம் பிடித்துக்கொள்கிறது. சாகேயின் ஒளிவிலகல் எண் தண்ணீரைவிடச் சற்றே கூடுதல். கண்ணாடிக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. முன்பு திரும்பிப்போன ஒளியில் ஒரு பகுதி இப்போது திரவத்துக்குள் நுழைகிறது. ஆகவே சாகே நிற்கும் மட்டத்துக்கு மேலே கோலம் ஒருவிதமாகவும் கீழே இன்னொரு விதமாகவும் தெரிகிறது. ஒவ்வொரு மிடறுக்கும் அந்த எல்லை இறங்கிக்கொண்டே போகிறது.

அடிப்பகுதி இன்னும் வேடிக்கை. பல கோப்பைகளில் அடியில் ஒரு சாமந்தியோ நட்சத்திரமோ வெட்டியிருப்பார்கள். தெளிந்த குளத்தில் முழுகிய படிக்கட்டு மேலே எழும்பி நிற்பதுபோல் தெரியுமல்லவா, அதே கணக்கில் சாகே நிறைந்த கோப்பையின் அடிப்பூவும் எழும்பி வருகிறது. உள்ளபடியான ஆழத்தில் கால்பங்கு குறைந்ததுபோல் கண்ணுக்குத் தோன்றும். அந்த ஒரு பூவைச் சுவரிலுள்ள பட்டைகள் ஒவ்வொன்றும் எடுத்துக்கொண்டு தன்தன் கோணத்தில் திருப்பிக் காட்டுகின்றன. கையை இம்மி அசைத்தால் அத்தனை பூவும் இடம் மாறுகின்றன. குடிக்கிறவர் கோப்பையை உடனே வாய்க்குக் கொண்டுபோவதில்லை; ஒருமுறை திருப்பிப் பார்க்கிறார். அந்தத் தாமதம்தான் கிரிகோவின் முதல் வேலை.

நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. நிறம் வெளிப்போர்வையில் மட்டும் இருக்கிறது. உட்சுவர் தெளிந்த கண்ணாடி. மேலிருந்து பார்த்தால் சாகே தன் நிறத்தோடு இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து நீலமோ சிவப்போ அதன்மேல் சாய்கிறது. கோபால்ட் நீலத்தின் ஊடாகப் பார்த்தால் நான் முன்பு சொன்ன இளமஞ்சள் சாயை மறைந்து, சாகே உள்ளதைவிடக் குளிர்ந்ததாகத் தோன்றும். இது ஏமாற்றா என்று கேட்கலாம். ஆமாம், நாம் விரும்பி ஏமாறும் ஏமாற்று.

சாகேயைச் சோதிக்கிறவர்கள் இதற்கு இடம் கொடுப்பதில்லை. அவர்களுக்கென்று ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம் இருக்கிறது. அதன் அடியில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நீல வளையங்கள். வெள்ளைப் பகுதியில் சாகேயின் நிறம் தெரியும். நீல வளையத்தின் ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் சாகே தெளிவு, மங்கினால் கலங்கல். ஆலிவ் எண்ணெயைச் சோதிக்கும் நிபுணர்கள் நீலக் கண்ணாடிக் கோப்பையை எடுப்பதும் நிறத்தை மறைத்துக் கண்ணின் தலையீட்டை ஒழிப்பதற்காகவே. நடுவர் கண்ணை அடக்குகிறார்; விருந்தாளி கண்ணை அவிழ்த்துவிடுகிறார். இரண்டு பேருக்கும் ஒரே பாத்திரம் பொருந்தாது.

கண் ருசியை மாற்றும் என்பது வெறும் நம்பிக்கை இல்லை. ஆக்ஸ்ஃபர்டில் சார்ல்ஸ் ஸ்பென்ஸ் என்ற உளவியலாளர் புலன்கள் ஒன்றை ஒன்று எப்படிப் பாதிக்கின்றன என்று நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறார். 2012இல் அவரும் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் ஒருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரே சூடான சாக்லேட் பானத்தை வெவ்வேறு நிறக் கோப்பைகளில் கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறக் கோப்பையில் குடித்தவர்கள் சாக்லேட் சுவை கூடுதலாக இருப்பதாகச் சொன்னார்கள். கோப்பையின் நிறம் நாவுக்கு முன்கூட்டியே ஒரு சேதி அனுப்பிவிடுகிறது.

அடுத்து கை. குளிர்ந்த சாகேயை ஊற்றியதும் வெளிச்சுவரில் ஈரம் பூக்கும். வழவழப்பான கண்ணாடியாக இருந்தால் விரல் வழுக்கும். கிரிகோவில் ஒவ்வொரு பட்டையும் விரலுக்குப் பிடி கொடுக்கிறது. விரல் முழுவதும் படியாமல் வெட்டுகளின் முகடுகளில் மட்டும் தங்குவதால் கையின் சூடு இறங்கும் பரப்பும் குறைகிறது. ஆனாலும் கோப்பை சிறியது. நான்கைந்து மிடறு சாகே கையில் இருக்க இருக்க வெதும்பிக்கொண்டுதான் போகும். முதல் மிடறில் குளிர்ச்சி முன்னால் நிற்கும். கடைசி மிடறில் அரிசியின் இனிப்பு வெளியே வரும். ஜப்பானியர்கள் சாகேயின் வெப்பநிலைக்கு 5 பாகை இடைவெளியில் பெயர் வைத்திருப்பவர்கள்: 5 பாகைக்குப் பனிக்குளிர், 10க்குப் பூக்குளிர் என்ற பொருளில். இந்தச் சின்னக் கோப்பையில் அந்தப் படிகளில் ஒன்றையோ இரண்டையோ ஏறிவிடலாம்.

கனமும் பேசுகிறது. ஈயம் கலந்த படிகக் கண்ணாடியில் செய்த கோப்பை, அதே அளவுள்ள சாதாரணக் கண்ணாடியைவிட எடை கூடியது. கையில் கனமாக இருப்பதற்கு மதிப்புக் கொடுப்பது மனித சுபாவம். தட்டினால் மணிபோல் நீண்டு ஒலிக்கும். வெட்டும்போது மென்மையாக இணங்கும். ஈயம் என்றதும் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. ஊற்றியதும் குடித்து முடிக்கிற கோப்பையில் பெரிதாகப் பயப்பட ஏதுமில்லை. மதுவை நாள்கணக்கில் அதில் சேமித்துவைப்பதுதான் தவறு. அப்போது ஈயம் கசியும். இப்போது ஈயமில்லாத கண்ணாடியிலும் நிறையச் செய்கிறார்கள்.

மூன்றாவது உதடு. கிரிகோவின் நஷ்டக் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. வெட்டைத் தாங்க வேண்டுமென்றால் சுவர் தடிப்பாக இருக்கவேண்டும். உதட்டுக்கு வரும் விளிம்பும் அதற்கேற்பக் கனத்துவிடுகிறது. பல கோப்பைகளில் விளிம்பின் அருகே வெட்டாமல் ஒரு பட்டையை வழவழப்பாக விட்டுவைப்பது உதட்டுக்காகத்தான். ஆனாலும் மெல்லிய கண்ணாடிக்கு ஈடாகாது. டோக்கியோவில் ஷோத்தொகு என்றொரு கண்ணாடி நிறுவனம். 1922இல் மின்விளக்குக் குமிழ் ஊதுவதற்காகத் தொடங்கியது. அந்தக் கைப்பழக்கத்தில் அவர்கள் ஊதும் உஸுஹாரி என்ற கோப்பையின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் குடித்தால் இடையில் பாத்திரம் இருப்பதே மறந்துபோகும். திரவம் மெல்லிய தகடாக நாவில் விழும். கிரிகோவில் விளிம்பு இருப்பது தெரியும். திரவம் திரண்டு வரும்.

நான்காவது மூக்கு. இங்கே நஷ்டம் இன்னும் பெரியது. நறுமணம் தங்குவதற்குத் திரவத்துக்கு மேலே காலியிடம் வேண்டும். வாய் சற்றுக் குவிந்திருக்க வேண்டும். ஆஸ்திரியாவின் ரீடல் நிறுவனம் 2000இல் தைகின்ஜோவுக்கென்றே ஒரு தண்டுக் கோப்பையை வெளியிட்டது இந்த நியாயத்தில்தான். கிரிகோவின் வாய் நேராகவோ விரிந்தோ இருக்கும்; சாகேயையும் கிட்டத்தட்ட விளிம்பு வரை ஊற்றிவிடுவார்கள். ஆப்பிள் வாசனை மேலெழுந்ததும் காற்றோடு போய்விடுகிறது. அரிசியை அத்தனை தீட்டி, குளிரில் வாரக்கணக்கில் காத்திருந்து உண்டாக்கிய மணம் இது. விலையுயர்ந்த தைகின்ஜோவை விலையுயர்ந்த கிரிகோவில் ஊற்றுவது சிறப்பு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிரிகோவுக்கு அடக்கமான மணமும் தெளிந்த உடம்பும் உள்ள, நன்றாகக் குளிர்ந்த ஜுன்மாய் என்ற வகை சாகே போதும்.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையையும் ஒதுக்கிவிடலாம். நாவின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளிப் பாடத்தில் படம் போட்டிருந்தது நினைவிருக்கும். 1901இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வைப் பிற்காலத்தில் தவறாகப் படித்ததால் பரவிய படம் அது. நாவின் எல்லாப் பகுதியும் எல்லாச் சுவையையும் அறியும். இந்தக் கோப்பை திரவத்தை நுனியில் விடும், ஆகவே இனிக்கும் என்று விற்பனையாளர் சொன்னால் நம்பவேண்டாம்.

கிரிகோவுக்கு எதிரான இன்னொரு வழக்கு ஜப்பானுக்குள்ளிருந்தே வருகிறது. நாவலாசிரியர் தானிஸாக்கி ஜுனிச்சிரோ 1933இல் நிழலின் அழகைப் போற்றி நெடிய கட்டுரை ஒன்றை எழுதினார். பளபளப்பு அவருக்கு ஆகாது. முழுத்தெளிவான படிகத்தைவிடக் கலங்கல் படிந்த ஜேடு கல்லில்தான் ஆழம் இருக்கிறது என்பது அவர் கட்சி. அரக்குக் கிண்ணத்தின் இருட்டை அவர் ரசித்த ரசனைக்கு முன்னால், விளக்கொளியைத் துண்டுதுண்டாக வாரியிறைக்கும் கிரிகோ சற்று ஆரவாரக்காரியாகத்தான் தெரியும். ஆனால் நல்ல வெட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதில் வெளிச்சம் பாதி, இருள் பாதி. ஒரு பட்டை ஒளியைக் கண்ணுக்கு அனுப்பும்போது அடுத்த பட்டை அதை வேறெங்கோ திருப்பிவிட்டுக் கறுத்து நிற்கிறது. இருட்டில்லாமல் கோலமே தெரியாது. மட்டமான வெட்டில்தான் எல்லாம் ஒரே மினுமினுப்பு.

இதையெல்லாம் தனியாக உட்கார்ந்து குடிப்பவரை மனத்தில் வைத்துச் சொன்னேன். சாகே பெரும்பாலும் துணையோடு குடிக்கும் பானம். தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்வது மரியாதையில் சேராது. எதிரில் இருப்பவர் ஊற்றவேண்டும், அவர் கோப்பை குறைந்தால் நாம் ஊற்றவேண்டும். கோப்பை சிறிதாக இருப்பதன் பயன் இங்கே தெரிகிறது: அடிக்கடி தீரும், அடிக்கடி ஊற்றவேண்டிவரும், அதனால் இருவரும் ஒருவர் கையை ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். பீங்கானில் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்க்கவேண்டும். கண்ணாடியில் எட்டிப் பார்க்கவே வேண்டாம். விருந்தோம்புகிறவருக்கு அது பெரிய சௌகரியம்.

கணக்கை முடிக்கலாம். கிரிகோ சாகேயின் மணத்தில் ஒரு பங்கைப் பறித்துக்கொள்கிறது. உதட்டுக்கு ஒரு தடிப்பைச் சேர்க்கிறது. பதிலுக்குக் கண்ணுக்கு ஒரு வேலையும் கைக்கு ஒரு பிடியும் குடிப்பவருக்குக் கொஞ்சம் நிதானமும் தருகிறது. சாகேயை ஆராய நினைப்பவர் மெல்லிய கோப்பையை எடுக்கட்டும். சுடவைத்துக் குடிப்பவர் பீங்கானோடு இருக்கட்டும். குளிர்ந்த சாகேயை ஒரு கோடை மாலையில் நண்பரோடு மெதுவாகக் குடிக்க நினைப்பவருக்குக் கிரிகோவை மிஞ்சியது இல்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அச்சில் அழுத்தி வார்த்த மலிவான போலிகள் ஏராளம். விரலால் தடவினால் முகடுகள் மழுங்கியிருப்பது தெரிந்துவிடும்; கையால் வெட்டியதில் முகடு தீர்க்கமாக நிற்கும். கண்ணாடியில், கையால், முக்கியமாகச் சுழலும் கருவியைக் கொண்டு, வரையறுத்த வட்டாரத்தில் செய்திருந்தால்தான் எடோ கிரிகோ என்ற பெயரைப் பயன்படுத்தலாம் என்பது கைவினைஞர் கூட்டுறவுச் சங்கத்தின் விதி.

அதைவிட முக்கியமானது எப்படிப் பார்ப்பது என்பது. எல்லாரும் அலமாரியில் வைத்தபடி வெளியிலிருந்து பார்த்து விலை பேசுகிறார்கள். வெட்டியவர் அதை அப்படிப் பார்க்கவில்லை. வேலை நடந்த நேரமெல்லாம் அவர் கண் கோப்பையின் வாய்வழியாக உள்ளேயே இருந்தது. குடிப்பவரும் அந்த இடத்திலிருந்துதான் பார்க்கப்போகிறார். ஆகவே கோப்பையைக் கையில் எடுத்து, வாய்க்குக் கொண்டுபோகும் கோணத்தில் சாய்த்து, உள்ளே பாருங்கள். கடைக்காரர் சம்மதித்தால் கொஞ்சம் தண்ணீரும் ஊற்றிப் பாருங்கள். வெளியே எத்தனை மினுக்கினாலும் அங்கிருந்து பார்க்கக் கோலம் குழம்பினால் வைத்துவிட்டு வந்துவிடலாம். அது அலமாரிக்குச் செய்த பொருள், குடிப்பதற்குச் செய்ததல்ல.